இருதய வால்வு மாற்றுச் சிகிச்சை: முன்னேற்பாடும் பின்காப்பும்

தறியில் அமர்ந்து நெய்வதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் எத்தனை என்பதை நம் நெசவாள அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். நூலுக்குச் சாயமிட்டு, பாவு ஓடி, கஞ்சியிட்டு உலர்த்தி, இழைக்கு இழை பிணைத்த பின்னரே நாடா ஓடத் தொடங்குகிறது. பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இது புதிதன்று. விதைப்பது ஒரு நாள் வேலை. உழவும் களையெடுப்பும் காவலும் பல மாத வேலை. இருதய வால்வை மாற்றும் அறுவைச் சிகிச்சையும் இத்தகையதே. டாக்டரின் கையில் அது சில மணி நேர வேலை. அதற்கு முன் சில வாரங்களும், அதற்குப் பின் ஆயுள் முழுவதும், அது நோயாளியின் கையிலும் அவர் குடும்பத்தாரின் கையிலும் இருக்கும் வேலை. அந்த வேலை இன்னதென்று எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வால்வு என்பது யாது?

கிணற்றில் இறக்கிய குழாயின் அடியில் புட்வால்வு ஒன்று இருப்பதை அறியாத விவசாயி இல்லை. நீர் மேலே ஏற அது திறக்கிறது. ஏறிய நீர் மீண்டும் கிணற்றில் இறங்கிவிடாதபடி மூடிக்கொள்கிறது. அது பழுதுபட்டால் மோட்டார் ஓடியும் பயனில்லை.

நமது இருதயத்தில் இத்தகைய வால்வுகள் 4 உள்ளன. இரத்தம் ஒரே திசையில் செல்லவேண்டும் என்பதே அவற்றின் காவல். இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்பொழுதும் நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வால்வுகள் திறந்து மூடுகின்றன. இவற்றுள் பெரும்பாலும் பழுதுபடுபவை இரண்டு. இருதயத்தின் இடப்புறத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ளது மிட்ரல் வால்வு. கீழறையிலிருந்து உடலுக்குச் செல்லும் பெருங்குழாயின் வாயிலிலுள்ளது அயோர்ட்டிக் வால்வு.

பழுதும் இரு வகைப்படும். வால்வு தடித்துச் சுருங்கினால் வழி குறுகும். இரத்தம் முன்செல்ல இயலாது. வால்வு சரியாக மூடாவிடில் இரத்தம் பின்னோக்கி ஒழுகும். எவ்வகையாயினும் இருதயம் இரட்டிப்பு வேலை செய்து, நாளடைவில் வீங்கித் தளர்ந்துவிடுகிறது. நடந்தால் மூச்சு வாங்குதல், மல்லாந்து படுக்க இயலாமை, இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருதல், கால் வீக்கம், படபடப்பு, மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

பழுது எவ்வாறு வருகிறது?

முதியவர்களிடம் வயதின் காரணமாக வால்வில் சுண்ணாம்புச் சத்து படிந்து அது இறுகுவதுண்டு. சிலர் பிறவியிலேயே குறைபாடுள்ள வால்வுடன் பிறக்கின்றனர். ஆனால் நம் நாட்டில் இளம் வயதினரின் வால்வைக் கெடுப்பதில் முதலிடம் பெறுவது, சிறு பிராயத்தில் வரும் வாதக் காய்ச்சல் ஆகும்.

பெரும்பாலும் 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப் புண் வருகிறது. அதனைக் கவனியாது விட்டால், சிலருக்கு இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறிச் செல்லும் வீக்கமும் தோன்றும். மூட்டு வலி தானே தீர்ந்துவிடும். ஆனால் இருதயத்தின் வால்வில் பட்ட வடு தீராது. பத்து இருபது ஆண்டுகள் கழித்து, தறியில் அமர்ந்து உழைக்கும் பருவத்தில், அல்லது ஒரு பெண் கருவுற்றிருக்கும் காலத்தில், அவ்வடு தன்னை வெளிக்காட்டுகிறது. காற்றோட்டமில்லாத சிறு வீட்டில் பலர் நெருங்கி வாழும் குடும்பங்களிலேயே இக்கிருமி எளிதில் பரவுகிறது. ஆகவேதான் இந்நோயைப் பற்றி நம் போன்றோர் அறிந்திருப்பது இன்றியமையாதது. பிள்ளைக்குத் தொண்டைப் புண்ணோடு காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் காட்டி, அவர் தரும் மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுத்து முடிப்பது, பிற்காலத்தில் ஒரு பெரிய சிகிச்சையையே தவிர்க்கும்.

பழுதுபட்ட வால்வு அனைத்தையும் மாற்ற வேண்டுவதில்லை. குறுகிய மிட்ரல் வால்வைச் சிலருக்குத் தொடை இரத்தக் குழாய் வழியே பலூன் செலுத்தி விரிக்கலாம். ஒழுகும் வால்வைச் சிலருக்குத் தைத்துச் செப்பனிடலாம். இவற்றுக்கு இடமில்லாதபொழுதே மாற்றுவது முறை. 2002ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ரூவான் நகரில் டாக்டர் அலேன் கிரிபியே, மார்பைத் திறவாது இரத்தக் குழாய் வழியாகவே புதிய அயோர்ட்டிக் வால்வு ஒன்றைக் கொண்டுசென்று பொருத்தினார். இம்முறை இன்று பெரும்பாலும் முதியவர்களுக்குப் பயன்படுகிறது.

செயற்கை வால்வு பிறந்த கதை

1953ஆம் ஆண்டில் அமெரிக்க டாக்டர் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சிறிது நேரம் தானே ஏற்றுக்கொள்ளும் இயந்திரத்தைக் கொண்டு வெற்றியுடன் சிகிச்சை செய்தார். அதன் பின்னரே இருதயத்தை நிறுத்தி, திறந்து, உள்ளே வேலை செய்வது கைகூடியது. லோவெல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியியலாளர், ஓய்வு பெற்ற பின், செயற்கை இருதயம் ஒன்றைச் செய்யும் எண்ணத்துடன் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் இளம் டாக்டரை அணுகினார். முழு இருதயத்திற்கு முன் ஒரு வால்வைச் செய்வோம் என்றார் டாக்டர். அவ்விருவரும் உருவாக்கிய, கூண்டுக்குள் பந்து ஏறி இறங்கும் வால்வு 1960ஆம் ஆண்டில் மனித இருதயத்தில் வெற்றியுடன் பொருத்தப்பட்டது.

நம் நாட்டிற்கு இவ்வால்வுகள் பல்லாண்டுகள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. விலை ஏழைக்கு எட்டாதிருந்தது. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் கூடி உழைத்தனர். முதலில் செய்த மாதிரிகள் தோல்வியுற்றன. மனந்தளராமல் மீண்டும் மீண்டும் முயன்று அவர்கள் உருவாக்கிய வால்வு 1990ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோக வளையத்தினுள் சாய்ந்து திறக்கும் ஒரு வட்டத் தகடே அவ்வால்வு. இருதயத்தோடு சேர்த்துத் தைப்பதற்காக அவ்வளையத்தைச் சுற்றிப் பாலியஸ்டர் துணி கட்டப்பட்டிருக்கிறது. மனித உயிரைக் காக்கும் அக்கருவியைத் தசையோடு இணைப்பது ஒரு துணியே என்பது நெசவாளர்க்குப் பெருமை தரும் செய்தியன்றோ!

எவ்வகை வால்வு?

வால்வுகள் இரு வகை. ஒன்று உலோகத்தாலும் கரிமப் பொருளாலும் செய்யப்பட்டது. இது தேய்வதில்லை, ஆயுள் முழுவதும் உழைக்கும். ஆனால் அந்நியப் பொருளின் மேல் இரத்தம் உறையும் இயல்புடையது. ஆதலால் உறைவைத் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் உட்கொள்ளவேண்டும். மற்றொன்று பன்றியின் வால்வினாலோ, மாட்டின் இருதயத்தைச் சுற்றியுள்ள சவ்வினாலோ செய்யப்பட்டது. இதற்கு அம்மாத்திரை பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்கு மட்டுமே தேவைப்படும். ஆனால் இது சுமார் 10 முதல் 15 ஆண்டுகளில் தேய்ந்துவிடும். இளம் வயதினரிடம் இன்னும் விரைவாகத் தேயும். அப்பொழுது மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும்.

பொதுவாக 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் வகையும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டாம் வகையும் ஏற்றவையாகக் கருதப்படுகின்றன. ஆயினும் வயது மட்டுமே அளவுகோல் அன்று. பின்வரும் கேள்விகளை நோயாளியும் குடும்பத்தாரும் சிகிச்சைக்கு முன்னரே டாக்டரிடம் மனம் விட்டுப் பேசவேண்டும். மாதந்தோறும் இரத்தப் பரிசோதனைக்குச் செல்ல வசதி உண்டா? பரிசோதனை செய்யும் இடம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? குடற்புண் முதலிய இரத்தக் கசிவு நோய்கள் உண்டா? இனிமேல் குழந்தை பெற விருப்பம் உண்டா? இறுதிக் கேள்வி மிக முக்கியமானது. உறைவைத் தடுக்கும் மாத்திரை வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடும். ஆகையால் இளம் பெண்கள் இதனைக் கூச்சமின்றிக் கேட்டறிய வேண்டும். மிருகங்களின் உறுப்பை ஏற்பதில் சமய வழக்கம் பற்றிய தயக்கம் உள்ளவர்களும் அதனை முன்னரே சொல்லிவிடலாம்.

சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டுவன

முதலாவது, பல். பழுதான பல்லிலிருந்தும் வீங்கிய ஈறிலிருந்தும் கிருமிகள் இரத்தத்தில் கலந்து, புதிய வால்வில் குடியேறி அதனை அரித்துவிடக்கூடும். ஆகவே பல் டாக்டரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பற்களைப் பிடுங்கி, ஈறு ஆறிய பின்னரே சிகிச்சைக்குச் செல்வது நன்று.

இரண்டாவது, புகையிலை. பீடி, சுருட்டு, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை யாவற்றையும் இயன்றவரை முன்கூட்டியே, குறைந்தது 4 வாரங்களுக்கு முன், நிறுத்திவிட வேண்டும். புகை படிந்த நுரையீரலில் சளி கட்டும். சிகிச்சைக்குப் பின் மூச்சுக் குழாயை எடுப்பதில் தாமதம் ஏற்படும்.

மூன்றாவது, மூச்சுப் பயிற்சி. மூன்று பந்துகள் கொண்ட ஒரு சிறு கருவியை மருத்துவமனையில் கொடுப்பார்கள். அதன் குழாயை வாயில் வைத்து மூச்சை மெல்ல உள்ளிழுத்தால் பந்துகள் மேலெழும். இதனைச் சிகிச்சைக்கு முன்னரே பழகிக்கொண்டால், மார்பில் வலியுள்ள நாட்களில் செய்வது எளிது.

நான்காவது, மருந்துக் கணக்கு. தற்பொழுது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் உட்பட, ஒன்றும் மறைக்காமல் டாக்டரிடம் காட்டவேண்டும். சில மாத்திரைகளைச் சிகிச்சைக்குச் சில நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். அதனைத் தாமாக முடிவு செய்தல் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவேண்டும். கட்டுக்கடங்காத சர்க்கரை புண்ணை ஆறவிடாது. ஏதேனும் மருந்து ஒவ்வாமை இருப்பின் அதனையும் தெரிவிக்கவேண்டும்.

ஐந்தாவது, பரிசோதனைகள். எக்கோ என்னும் ஒலியலைப் பரிசோதனை, இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனைகள் ஆகியவை நடைபெறும். நடு வயதைக் கடந்தவர்களுக்கு இருதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு உண்டா என்று அறிய ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். அடைப்பு இருப்பின் இரண்டையும் ஒரே சமயத்தில் சரிசெய்துவிடலாம்.

ஆறாவது, இரத்தமும் பணமும். இரத்த தானம் செய்ய ஆட்கள் தேவைப்படலாம். உறவினர், நண்பர், சங்க அங்கத்தினர் ஆகியோரில் சிலர் முன்வரும்படி சொல்லி வைத்தல் நலம். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்றுச் சிகிச்சையும் அடங்கும். குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருமானச் சான்று ஆகியவற்றை முன்னரே தயார் செய்துகொள்ள வேண்டும். கடைசி நாளில் சான்றுக்காக அலைவது நோயாளிக்கும் வீட்டாருக்கும் பெருந்துன்பம்.

சிகிச்சை நாள்

முதல் நாள் இரவுக்குப் பின் ஆகாரம் கொடுக்கமாட்டார்கள். மயக்க மருந்து கொடுத்த பின், மார்பின் நடு எலும்பை நெடுக்காகப் பிளந்து இருதயத்தை அணுகுகின்றனர். இரத்தத்தை இயந்திரத்தின் வழியே திருப்பிவிட்டு, குளிர்ந்த மருந்து நீரைச் செலுத்தி இருதயத்தை நிறுத்துகின்றனர். பழுதான வால்வை நீக்கி, புதிய வால்வைச் சுற்றிலும் தையலிட்டுப் பொருத்துகின்றனர். பின் இருதயம் மீண்டும் துடிக்கத் தொடங்குகிறது. பிளந்த எலும்பை எஃகுக் கம்பியால் கட்டி, தோலைத் தைத்துவிடுகின்றனர். இவையெல்லாம் முடியப் பெரும்பாலும் 3 முதல் 5 மணி நேரமாகும்.

கண் விழிக்கும்பொழுது வாயில் மூச்சுக் குழாய் இருக்கும்; பேச இயலாது. மார்பில் கழிவு நீர்க் குழாய்களும், கழுத்திலும் கையிலும் ஊசிகளும் இருக்கும். இதனை முன்னரே அறிந்திருப்பவர் அஞ்சமாட்டார். வீட்டாரும் இக்காட்சியைக் கண்டு கலங்கலாகாது. பெரும்பாலோர்க்கு மூச்சுக் குழாய் சில மணி நேரத்திலோ மறுநாளோ எடுக்கப்படும். தீவிரக் கண்காணிப்பு அறையில் இரண்டொரு நாளும், அதன் பின் வார்டில் சுமார் ஒரு வாரமும் இருக்க நேரும். சிலர் அந்நாட்களில் இரவு பகல் அறியாது பிதற்றுவதுண்டு. அது பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும்.

வீடு திரும்பிய பின்

பிளந்த எலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரங்களும், முழு உறுதி பெற ஏறக்குறைய 3 மாதங்களும் ஆகும். அதுவரை சில கட்டுப்பாடுகள் தேவை. 3 கிலோவுக்கு மேற்பட்ட எதனையும் தூக்கலாகாது. நீர் நிறைந்த குடமும் கைக்குழந்தையும் இதில் அடங்கும். கையை ஊன்றிப் படுக்கையிலிருந்து எழலாகாது. ஒருக்களித்துத் திரும்பிக் காலைத் தொங்கவிட்டு எழவேண்டும். இருமும்பொழுதும் தும்மும்பொழுதும் ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓட்டலாகாது.

நடைதான் சிறந்த மருந்து. முதலில் காலையும் மாலையும் 5 நிமிடம் சமதரையில் நடந்து, நாளுக்கு நாள் சிறிது கூட்டி, 6 வாரங்களில் 30 நிமிடம் வரை செல்லலாம். நடந்துகொண்டே பேச முடியுமளவு மூச்சு இருந்தால் அது சரியான வேகம். ஆகாரத்தில் உப்பைக் குறைக்கவேண்டும். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவற்றை விலக்குவது நன்று. நாள்தோறும் காலையில் எடை பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டொரு நாளில் 1 கிலோவுக்கு மேல் எடை கூடினால் உடலில் நீர் தங்குகிறது என்று பொருள், டாக்டரிடம் தெரிவிக்கவேண்டும்.

பசியின்மை, தூக்கமின்மை, காரணமற்ற அழுகை, எதிலும் மனம் பற்றாமை ஆகியவை பலருக்கு முதல் சில வாரங்களில் வருவன. இதனைக் கோழைத்தனம் என்று எவரும் கருதலாகாது. பெரிய சிகிச்சைக்குப் பின் மனமும் ஆறவேண்டும். வாரங்கள் பல ஆகியும் நீங்காவிடில் டாக்டரிடம் சொல்லவேண்டும். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு, அமைதியான இரவில், மார்பிலிருந்து கடிகாரத்தின் ஓசை போன்றதொரு ஓசை கேட்கும். அது வால்வு ஒழுங்காக மூடுவதன் அடையாளம், அஞ்சத் தேவையில்லை.

விடக்கூடாத மாத்திரை

இக்கட்டுரையில் வேறெதனை மறந்தாலும் இப்பகுதியை மறத்தல் கூடாது.

1920ஆம் ஆண்டையொட்டிக் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகளுக்கு ஒரு விசித்திர நோய் கண்டது. சிறு காயம் பட்டாலும் இரத்தம் நில்லாமல் வடிந்து மாடுகள் மாண்டன. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த ஒருவகைக் குளோவர்த் தீவனமே காரணம் என்று தெரிந்தது. ஆனால் அதிலுள்ள நஞ்சு எதுவென்று தெரியவில்லை. 1933ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், கொட்டும் பனியில், இறந்த பசுவையும், உறையாத இரத்தம் கொண்ட பால் பாத்திரத்தையும், கெட்ட தீவனத்தையும் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்தை நாடி வந்தார். அங்கிருந்த விஞ்ஞானி கார்ல் பால் லிங்க் தம் மாணவர்களுடன் பல ஆண்டுகள் ஆராய்ந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் வழியில் பிறந்ததே வார்பரின். 1948ஆம் ஆண்டில் எலி மருந்தாக வெளிவந்த அது, 1954ஆம் ஆண்டில் மனிதர்க்கு மருந்தாக ஏற்கப்பட்டது. இதனையோ, இதன் இனத்தைச் சேர்ந்த அசினோகௌமரால் என்னும் மாத்திரையையோதான் உலோக வால்வு பெற்றவர்களுக்குக் கொடுக்கின்றனர்.

அளவு மிகுந்தால் இரத்தம் வடியும். குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும். அளவு சரிதானா என்பதைக் காட்டுவது ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை. மருந்து உண்ணாதவர்களுக்கு அது ஏறத்தாழ 1 ஆக இருக்கும். பொதுவாக அயோர்ட்டிக் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு 2 முதல் 3 வரையும், மிட்ரல் இடத்தில் உள்ளவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரையும் இருக்கவேண்டும். தமக்குரிய எண்ணை டாக்டரிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொரு பரிசோதனையின் தேதியையும் முடிவையும் மாத்திரை அளவையும் அதில் குறித்துவர வேண்டும். முதலில் அடிக்கடியும், அளவு நிலைத்த பின் மாதம் ஒரு முறையும் பரிசோதனை தேவை.

ஒரு நெசவாளரை நினைத்துக்கொள்வோம். மிட்ரல் வால்வு மாற்றி ஓராண்டு ஆகிறது. மூச்சு வாங்குவதில்லை; முன்போல் நெய்கிறார். தீபாவளிச் சரக்கை முடித்துக் கொடுக்கவேண்டிய வாரம். மாத்திரை தீர்ந்துவிட்டது. நகருக்குச் சென்று வந்தால் ஒரு நாள் கூலி போகும். “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, சரக்கை ஒப்படைத்துவிட்டுப் போகலாம்” என்று எண்ணுகிறார். பத்து நாட்கள் கழிகின்றன. ஒரு காலை வேளையில் அவர் வலக் கை கயிற்றைப் பற்ற மறுக்கிறது; வாய் கோணுகிறது; மனைவியை அழைக்கச் சொல் எழவில்லை. வால்வில் உறைந்த இரத்தத் துணுக்கு ஒன்று மூளைக்குச் சென்றுவிட்டது. இது கற்பனை உதாரணமே. ஆனால் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு இவ்வாறு நேர்வது கற்பனையன்று. உடம்பு நன்றாக இருப்பது மாத்திரை வேலை செய்வதனாலேயே என்பதை அவர் மறந்தார்.

ஆகையால் இவ்விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் மாலையில், உட்கொள்க. மறந்துவிட்டால் அன்றைய தினத்திற்குள் நினைவு வரின் உட்கொள்ளலாம். மறுநாள் இரட்டிப்பாக உட்கொள்ளலாகாது. கையிருப்பு 10 நாட்களுக்குக் குறையுமுன் வாங்கிவிடுக. ஒரே மாத்திரை வெவ்வேறு மில்லிகிராம் அளவுகளில் கிடைப்பதால், ஒவ்வொரு முறையும் அட்டையில் அச்சிட்ட அளவைப் பார்த்து வாங்குக. தலைவலி, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் வேண்டா. கிருமி மருந்துகளும், காசநோய் மருந்துகளும், நாட்டு மருந்துகளும் இம்மாத்திரையின் வேகத்தை மாற்றிவிடும், எந்த டாக்டரிடம் சென்றாலும் முதலில், “எனக்குச் செயற்கை வால்வு உண்டு, இம்மாத்திரை உண்கிறேன்” என்று சொல்க. மது அறவே கூடாது.

கீரை உண்ணலாமா என்று பலரும் கேட்கின்றனர். கீரையிலுள்ள கே வைட்டமின் இம்மாத்திரைக்கு எதிராக வேலை செய்வது உண்மை. அதற்காகக் கீரையை அடியோடு ஒதுக்கவேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும் முருங்கைக்கீரையும் மறு வாரம் ஒன்றுமில்லாமலும் இருப்பதே தவறு. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு உண்டுவந்தால் டாக்டர் அதற்கேற்ப மாத்திரையை அமைத்துக்கொள்வார்.

பல் பிடுங்குதல் முதலிய சிகிச்சைகளுக்கு முன், வால்வில் கிருமி தொற்றாதிருக்கத் தனி மருந்து உண்ண வேண்டியிருக்கும். இருதய டாக்டரைக் கேளாமல் செய்துகொள்ளலாகாது. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள், வால்வு மாற்றிய பின்னும் பெனிசிலின் மருந்தை எத்தனை காலம் தொடரவேண்டும் என்பதைக் கேட்டறிக. வால்வின் வகையும் அளவும் குறித்த அட்டையை எப்பொழுதும் உடன் வைத்திருக்க வேண்டும். இளம் பெண்கள் நாள் தள்ளிப்போயிற்று என்று ஐயுற்றால் காலம் தாழ்த்தாது, ஆனால் மாத்திரையைத் தாமே நிறுத்தாது, உடனே டாக்டரிடம் செல்லவேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய சமயங்கள்

கை கால் மரத்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், திடீரென்று கடுமையான மூச்சுத் திணறல், வழக்கமான வால்வு ஓசை மங்குதல் அல்லது நின்றுபோதல், கறுப்பு நிற மலம், சிறுநீரில் இரத்தம், நில்லாத மூக்குக் கசிவு ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் 108 எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து உடனே செல்க. தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிடினும், செல்லவேண்டும். குளிருடன் காய்ச்சல், மார்புப் புண்ணில் சீழ் அல்லது சிவப்பு, மூச்சு விடும்பொழுது எலும்பு நெகிழும் உணர்ச்சி ஆகியவையும் தாமதத்திற்கு உரியன அல்ல. அரிவாளோ கத்தியோ பட்டுக் காயமுற்றால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாது அழுத்திப் பிடிக்கவேண்டும். நில்லாவிடில் மருத்துவமனைக்கு விரைக.

மீண்டும் தொழிலுக்கு

கைத்தறி நெசவில் இரு கைகளும் மார்பும் ஓயாது அசைகின்றன, காலும் மிதிக்கிறது. ஆதலால் முதல் 3 மாதங்கள் தறியில் ஏறலாகாது. தார் சுற்றுதல் போன்ற அமர்ந்து செய்யும் இலகுவான வேலைகளை, எலும்பு சேர்ந்த பின், டாக்டரைக் கேட்டுச் செய்யலாம். மண்வெட்டி பிடித்தல், மூட்டை தூக்குதல், ஏற்றமோ கயிறோ இழுத்தல் ஆகியவை 3 மாதங்களுக்குப் பின், சிறுகச் சிறுக. இருதயத்தின் பலத்தை எக்கோவில் பார்த்து டாக்டர் அனுமதி கொடுத்த பின் பெரும்பாலோர் தம் தொழிலுக்குத் திரும்ப இயலும்.

சங்கம் செய்யக்கூடியவை

இத்துணையும் ஒரு குடும்பம் தனியே தாங்கக்கூடிய பாரம் அன்று. கூட்டுறவு என்பது நூலும் விதையும் பங்கிடுவதற்கு மட்டும் உரியதன்று. இரத்தம் கொடுக்க முன்வரும் அங்கத்தினர்களின் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருக்கலாம். வால்வு மாற்றிக்கொண்ட அங்கத்தினரின் நிலுவைச் சரக்கை மற்றவர்கள் பகிர்ந்து நெய்து கொடுக்கலாம். பரிசோதனைக்கு நகர் செல்லும் நாளில் அவர் கூலியை இழக்காதபடி வேலையை மாற்றி அமைக்கலாம். ஒன்றுமில்லாவிடினும், மாதத்தில் ஒரு நாள், “பரிசோதனைக்குச் சென்று வந்தீர்களா? மாத்திரை இருக்கிறதா?” என்று யாரேனும் ஒருவர் கேட்கலாம். மேலே சொன்ன நெசவாளரிடம் அந்த வாரத்தில் இவ்விரு கேள்விகளையும் கேட்க ஒருவர் இருந்திருப்பின், அவர் கை கயிற்றை விட்டிராது.